முட்டி வலியும் 2.4 கிலோமீட்டரும்

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களில் ஓடியே பார்க்காதவர் அநேகமாக இல்லை. மெதுவாக ஓடிப் பார்த்தவர்தான் குறைவு. உயர்நிலைப் பள்ளியில் நாஃபா உடற்தகுதித் தேர்வு, ஆண்களுக்குத் தேசிய சேவையில் ஐபிபிடி உடற்தகுதித் தேர்வு. இரண்டிலும் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. இரண்டிலும் யாராவது ஒருவர் நேரம் குறித்துக்கொண்டு நிற்பார். ஓட்டம் என்றால் மூச்சு முட்ட ஓடுவது, நேரத்துக்குள் முடிப்பது என்று பதினைந்து வயதிலேயே உடம்பில் பதிந்துவிடுகிறது. நம்மவர்களிடம் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பெயரும் சி. குணாளன்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். 2001இல் யு.கே. ஷியாம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முந்தும்வரை, 33 ஆண்டுகள் அதுவே தேசியச் சாதனை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் முப்பத்தைந்து வயதில், பலதுறை மருந்தகத்தில் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் "கொஞ்சம் ஓடுங்க" என்று சொன்னதைக் கேட்டு ஷூ வாங்கும் ஒருவருக்கு இந்த மின்னல் ஓட்டப் படிமம் உதவாது.

அவருக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் மூச்சு பிடிபடுகிறது. மூன்றாம் நான்காம் வாரத்தில் சிராங்கூன் ரோட்டு மேம்பாலத்தில் படியிறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி, அல்லது அதன் பின்னால், இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஒரு வலி. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் இன்னும் மோசம். வீட்டில் பெரியவர்கள் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்: "ஓடினா முட்டி தேஞ்சுடும், நடந்தாப் போதும்." ஷூ அலமாரிக்குள் போகிறது.

அந்தத் தீர்ப்பு சரியா என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1984 தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், நீண்டதூரம் ஓடும் 45 பேரின் முழங்கால்களையும் ஓடாத 53 பேரின் முழங்கால்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். 2008இல் வெளியான முடிவில், ஓடியவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. இது சிறிய ஆய்வு. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றும் அதே பக்கம்தான் சாய்ந்தது. இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், உடலுழைப்பே இல்லாதவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும், போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ஓடுவதால்தான் காப்பாற்றப்பட்டார்கள் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்தானே தொடர்ந்து ஓடுவார் என்ற கேள்வி நிற்கிறது. ஆயினும் அளவாக ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

அப்படியானால் வலிப்பது எது? புதிதாக ஓடுபவருக்கு வரும் முட்டி வலியில் பெரும்பங்கு சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான மூட்டைச் சேர்ந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அந்த மூட்டில் விழும் சுமை நடக்கும்போது ஏறத்தாழ உடல் எடை அளவு. மாடிப்படியில் சுமார் 3 மடங்கு. ஓடும்போது 5 மடங்கு. ஒரு கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் ஐந்நூறு அறுநூறு முறை தரையில் விழுகிறது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருவதில்தான் அதற்கு ஊட்டமே கிடைக்கிறது. அதில் வலி உணரும் நரம்பும் இல்லை. வலி எழுவது அதன் அடியிலுள்ள எலும்பிலும் சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டிலும் மூட்டின் உள்சவ்விலும். பழகாத சுமை திடீரென்று விழும்போது இவை எரிச்சலடைகின்றன. வலித்தாலே ஏதோ கிழிந்துவிட்டது, தேய்ந்துவிட்டது என்று பொருளல்ல.

மூன்றாம் நான்காம் வாரத்தில் ஏன் வலிக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்று தெரிந்தவுடன் ஆள் வேகத்தைக் கூட்டுகிறார், தூரத்தைக் கூட்டுகிறார். முழங்காலோ இன்னும் முதல் வாரத்திலேயே இருக்கிறது. என் கணிப்பில் புதியவரின் முட்டி வலிக்கு வேறெந்தக் காரணத்தையும்விட இந்த இடைவெளிதான் பெரிது. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இந்த ஊரில் அந்தத் திடீர்த்தனத்தை ஏற்பாடே வளர்க்கிறது. தேசிய சேவையாளர் ஒரு பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாளுக்குள் ஐபிபிடியை முடிக்க வேண்டும். பலர் பத்து மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசிச் சில வாரங்களில் வீட்டருகே உள்ள விளையாட்டரங்கில் போய் 2.4 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பார்கள். நல்ல புள்ளிகளோடு தேறினால் ரொக்கப் பரிசும் உண்டு, ஆகவே விரட்டுவார்கள். முழங்கால் கேட்பது அவகாசம், கிடைப்பது கெடு. இத்தனைக்கும் படிப்படியாக ஏற்றுவது எப்படி என்று ராணுவத்துக்கே தெரியும். உடற்தகுதியில் பின்தங்கியவர்களுக்கு அடிப்படைப் பயிற்சியைக் கூடுதல் வாரங்கள் நீட்டித்தானே நடத்துகிறார்கள்? 2021 முதல் நடப்பிலுள்ள என்எஸ் ஃபிட் ஏற்பாட்டில் பத்து அமர்வுகளுக்குப் போயும் கடமையை முடிக்கலாம். அந்தப் பத்தையும் ஆண்டு முழுக்கப் பரப்பி வைத்துக்கொள்பவர் தன் முட்டிக்கு நல்லது செய்கிறார். கடைசியில் அடுக்கி வைப்பவருக்கு அந்தப் பயன் இல்லை. ஆண்டு இறுதியின் சிங்கப்பூர் மாரத்தானுக்கு நண்பர்கள் சேர்ந்து பெயர் கொடுத்துவிட்டு அக்டோபரில் பயிற்சி தொடங்குவதும் இதே வகைதான்.

எவ்வளவு மெதுவாக ஏற்றுவது? வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்ற சூத்திரம் உலகெங்கும் புழங்குகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 2008இல் அதைச் சோதித்தார்கள். புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பத்து விழுக்காட்டுக் கணக்கில் 13 வாரத் திட்டம், மற்றவர்களுக்கு வழக்கமான 8 வாரத் திட்டம். காயமடைந்தவர்கள் இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவர், வித்தியாசமே இல்லை. 2014இல் டென்மார்க் ஆய்வு ஒன்று, இரண்டு வாரத்தில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டிய புதியவர்களுக்கு, சில்லு வலி உட்படச் சில காயங்கள் கூடுதலாக வந்ததைக் காட்டியது. 2025இல் 5,200 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு கணக்கையே மாற்றிப் போட்டது. வாரக் கூட்டுத்தொகை எவ்வளவு ஏறியது என்பதற்கும் காயத்துக்கும் அதில் ஒட்டு தெரியவில்லை. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக ஓடியபோதுதான் காயம் கூடியது. இரண்டு மடங்கைத் தாண்டியபோது ஆபத்தும் இரண்டு மடங்குக்கு மேலானது. அவர்கள் எல்லோரும் புதியவர்கள் அல்லர். ஆனாலும் பாடம் நமக்குப் பொருந்துகிறது. வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மொத்தத்தையும் ஓடித் தீர்ப்பது என்ற பழக்கம்தான் நம்மில் பலருக்கு. அந்த ஒற்றை ஞாயிறுதான் முட்டியைப் பிடிக்கிறது.

ஷூ விஷயத்துக்கு வரலாம். முட்டி வலி என்றதும் முதலில் பர்ஸ்தான் திறக்கும். பாதம் உள்பக்கம் சாய்கிறதா, வளைவு தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற ஷூ தருவது கடைகளின் நீண்டகால நடைமுறை. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சி வீரர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தும், பார்க்காமல் கொடுத்தும் சோதித்தார்கள். காயங்களில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 927 புதியவர்களுக்கு ஒரே வகைச் சாதாரண ஷூ கொடுத்த டென்மார்க் ஆய்விலும், சாய்பாதக்காரர்களுக்குக் கூடுதல் காயம் வரவில்லை. மெத்தை மென்மையான ஷூவுக்குச் சற்று ஆதரவான முடிவு 2020இல் லக்சம்பர்க்கிலிருந்து வந்திருக்கிறது. மொத்தத்தில் நான் சொல்வது: காலில் போட்டவுடன் வசதியாக இருக்கிறதா, பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விலை கூடினால் முட்டிக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு.

ஷூவே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டு முருகன் கோயில்வரை வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்த பரம்பரைக்கு ஷூ எதற்கு என்று வேடிக்கையாகவும் பாதி நம்பிக்கையோடும் கேட்பார்கள். 2010இல் ஆய்வாளர் டேனியல் லீபர்மனின் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு அறிவியல் சாயலைக் கொடுத்தது. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், ஊன்றும் கணத்தின் அதிர்ச்சி குறைகிறது என்றது அது. காயம் குறைகிறது என்று அது நிறுவவில்லை. அப்படி ஓடினால் முழங்காலின் சுமை ஓரளவு குறைந்து கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் போகும் என்பதே பின்னால் தெளிவானது. வெறுங்கால் போன்ற ஷூ தயாரித்த விப்ரம் நிறுவனம், நன்மைகளை மிகைப்படுத்தியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2014இல் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒருநாள் நேர்த்திக்கடனுக்கு நடப்பதும் வாரத்துக்கு மூன்று நாள் ஓடுவதும் ஒன்றல்ல.

கான்கிரீட்டில் ஓடாதே, புல்லில் ஓடு என்பது அடுத்த அறிவுரை. நம்புவதற்கு எளிது, ஆதாரம் மெலிவு. தரை கெட்டியானால் கால் தன் விறைப்பைத் தளர்த்திக்கொள்ளும், தரை மென்மையானால் விறைத்துக்கொள்ளும். ஓரிரு எட்டுகளிலேயே இந்தச் சரிசெய்தல் நடந்துவிடுகிறது. தரையின் கெட்டியைவிடச் சரிவு முக்கியம். ஒருபக்கம் சாய்ந்த சாலையோரமும் நீண்ட இறக்கமும் முழங்காலுக்கு ஆகாதவை. லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபோர்ட் கேனிங் குன்று பக்கம்தான், காலையில் அழகாகவும் இருக்கும். ஆனால் ஏற்ற இறக்கமும் படிகளும் நிறைந்த அந்த இடம் தொடக்கக்காரருக்கு அல்ல. புக்கிட் தீமா உச்சி 164 மீட்டர்தான். ஆனால் இறங்கும் பாதைதான் முட்டியைச் சோதிக்கும்.

ஓடுமுன் நின்றபடி தசையை இழுத்து நீட்டுவதால் காயம் குறைவதில்லை என்று ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,538 பேரை வைத்துச் செய்த சோதனை 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஐந்து நிமிடம் விரைந்து நடந்துவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினால் போதும்.

ஓடும் முறையில் உருப்படியாகப் பயன் தருவது ஒன்றே ஒன்று, எட்டின் நீளம். ஃபேரர் பார்க் பக்கமோ காலாங் ஆற்றோரமோ மாலையில் நின்று புதியவர்களின் காலை மட்டும் கவனித்தால் தெரியும். காலை முன்னால் நீட்டி, முழங்காலை ஏறக்குறைய நேராக வைத்து, குதிகாலை உடம்புக்கு வெகு முன்னால் ஊன்றுகிறார்கள். ஒவ்வொரு எட்டும் தன்னைத்தானே பிடித்து நிறுத்துகிறது. 'டப், டப்' என்று சத்தம் முன்கூட்டியே கேட்கும். பழகியவர் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். அவர் முழங்கால் சற்று மடிந்திருக்கும், பாதம் உடம்புக்குக் கீழேயே இறங்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2011இல் செய்த ஆய்வில், அதே வேகத்தில் ஓடிக்கொண்டே நிமிடத்துக்கான எட்டுகளை ஐந்து விழுக்காடு கூட்டியபோதே முழங்கால் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. பத்து விழுக்காடு கூட்டினால் சில்லு மூட்டின் உச்சச் சுமை 14 விழுக்காடு குறைவதாக 2014இல் தெரிந்தது. நிமிடத்துக்கு 180 எட்டு என்ற எண்ணை மந்திரமாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. அரை நிமிடம் எண்ணிப் பாருங்கள். 78 வந்தால் 82 ஆக்கிப் பாருங்கள். எட்டு குட்டையாகட்டும், வேகம் கூட வேண்டாம். சத்தம் குறைந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

தசைப் பயிற்சியையும் நான் ஆதரிக்கிறேன், ஆனால் சந்தைப்படுத்தப்படும் அளவுக்கு அல்ல. கியூபெக்கில் சில்லு வலியோடு ஓடும் 69 பேரை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்குச் சுமையை எப்படிக் குறைப்பது, எப்படி ஏற்றுவது என்ற விளக்கம் மட்டும். இன்னொன்றுக்கு விளக்கத்தோடு தசைப் பயிற்சி. மூன்றாவதற்கு விளக்கத்தோடு ஓட்ட முறைத் திருத்தம். எட்டு வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. 2018இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கே சற்று ஏமாற்றம்தான். இருந்தாலும் ஓட்டமே புதிதான உடம்புக்குத் தொடை முன்தசையும் புட்டத் தசையும் வலுவாக இருப்பதில் நட்டமில்லை. அதற்கு ஜிம் வேண்டாம், வீவக புளோக்கின் கடைசிப் படி போதும். படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலின் குதி தரையைத் தொடும்வரை மெதுவாக, மூன்று எண்ணி இறங்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் ஒடியாமல் இரண்டாம் விரலுக்கு நேராக மடியட்டும். பக்கத்துக்குப் பத்து முறை, வாரம் மூன்று நாள்.

எடையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தெற்காசியர்களுக்கு அதே உயரம் எடையில் உடல் கொழுப்பு கூடுதல் என்பதாலும் ஆசியர்களுக்குச் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்த எடையிலேயே தொடங்குவதாலும், சிங்கப்பூர் 2005இலிருந்து உடல் நிறைக் குறியீட்டின் ஆபத்து எல்லையை 23 என்று வைத்திருக்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் செய்த ஆய்வில், எடையில் ஒரு பங்கு குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் நான்கு பங்கு சுமை குறைந்தது. ஆனால் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, எடை குறையட்டும் என்று தினமும் ஓடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எடை கூடியவருக்கு முதல் இரண்டு மாதம் விரைந்த நடைதான் ஓட்டம். சாப்பாட்டுத் தட்டில் செய்ய வேண்டியதை முழங்காலை வைத்துச் செய்யக் கூடாது.

நடைமுறைக்கு வந்தால், 1996இல் ஜாஷ் கிளார்க் என்பவர் புதியவர்களுக்காக எழுதிய ஒன்பது வார ஓட்டத் திட்டம் இன்றும் நல்ல எலும்புக்கூடு. முதல் வாரத்தில் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாறி மாறி, வாரம் மூன்று நாள். ஒன்பது வாரத்தைப் பதினைந்தாக்கினாலும் குடி முழுகாது. ஒரு வாரம் கடினமாகத் தோன்றினால் அதையே மறுபடி செய்யலாம். வேகத்துக்கு ஒரே அளவுகோல், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது. சிங்கப்பூரின் புழுக்கத்தில் இந்த வேகம் பலருக்கு நடையைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொழுது விடிவது ஏழு மணிக்கு. ஆறரைக்குக் கிளம்பினால் வெயிலும் இல்லை, தேக்காவில் சந்தைக் கூட்டமும் முழுதாகச் சேர்ந்திருக்காது.

லிட்டில் இந்தியாவுக்குள் ஓடுவது சிரமம்தான். ஐந்தடிப் பாதைகளில் காய்கறிக் கூடை, பெட்டி, பூமாலை மேசை, இரண்டு கடைக்கு ஒரு படி ஏற்ற இறக்கம். ஞாயிறு மாலைகளில் நடக்கவே இடமிருக்காது. ஆனால் சிராங்கூன் ரோட்டின் சிக்னல்கள் தொடக்கக்காரருக்கு நன்மையே, நடை இடைவேளையை அவை கட்டாயமாக்கிவிடும். லாவண்டர் ஸ்திரீட் வழியாகக் காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையைப் பிடித்துவிட்டால் தடையில்லாத சமதளம். மழை நாளுக்கு விளையாட்டு நடுவத்தில் தேசிய அரங்கைச் சுற்றி, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கூரையிட்ட பாதை இருக்கிறது. மலாயா ரயில்பாதை இருந்த 24 கிலோமீட்டர் ரயில் பாதைப் பூங்காவில் மண்பாதையும் உண்டு.

வலி வந்துவிட்டால்? முழு ஓய்வு பெரும்பாலும் தேவையில்லை, குறைத்துக்கொள்வதே முறை. மேலே சொன்ன கியூபெக் ஆய்வில் கொடுத்த விதி எளிமையானது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது இரண்டைத் தாண்டக் கூடாது, முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். இந்த எல்லைக்குள் இருந்தால் தொடரலாம். தாண்டினால் தூரத்தையும் வேகத்தையும் குறைத்து, மேம்பாலப் படியிறக்கத்தையும் சில நாள் தவிர்க்கலாம். முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், நடுவில் தொய்ந்தால், காலை ஊன்ற முடியாவிட்டால், இரவில் வலித்து எழுப்பினால், எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தால் இந்த விதி பொருந்தாது. பலதுறை மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இயன்முறை மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

ஐம்பதைத் தாண்டி, ஏற்கெனவே தேய்மானம் என்று எழுதி வாங்கி வந்தவர்கள் ஓடலாமா என்ற கேள்விக்கும் இப்போது முன்புபோலக் கண்ணை மூடிக்கொண்டு 'கூடாது' என்று சொல்வதில்லை. அமெரிக்காவில் தேய்மானம் உள்ள ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், தங்கள் விருப்பப்படி ஓடியவர்களுக்கு நோய் வேகமாக முற்றவில்லை. தமிழ்நாட்டில் 2021இல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்தில் கால் மூட்டு அடிபட்டபின் ஓடத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர்; 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதியிருக்கிறார். அவரை முன்னுதாரணமாகக் காட்டுபவர்கள் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வயதினர் டாக்டரைக் கேட்டுவிட்டு, ஜாலான் புசார் நீச்சல் வளாகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பது, நிலைமிதிவண்டி, பிறகு தரையில் விரைந்த நடை என்ற வரிசையில் வரலாம். நடையில் அரை மணி நேரம் வலியில்லாமல் கடந்த பிறகு, ஒரு நிமிட ஓட்டத்தை இடையில் நுழைத்துப் பார்க்கலாம்.